காற்றை நம்பி வாழும் செடிகள்



செடி என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது மண். வேர் மண்ணில் இறங்க வேண்டும். நீர் அடியிலிருந்து ஏற வேண்டும். அப்போதுதான் இலை தழைக்கும் என்று இளமையிலேயே கற்றுவிடுகிறோம். இப்பாடத்திற்கு அடங்காத செடிகளும் உலகில் உண்டு. கொடுங்கையூரில் வாழும் மாணவி ஒருத்தி, மண்ணும் தொட்டியும் இன்றி, ஒரு நூலில் கட்டி அத்தகைய செடியொன்றைத் தன் வீட்டு மாடியில் தொங்கவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது பிழைக்குமா? பிழைப்பதற்கு அதற்கு வேண்டுவது யாது? இக்கேள்விக்குச் சரியான விடை காண ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்குள் எண்ணற்ற செடிகள் மடிந்தன. அந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மரத்தின்மேல் வளரும் செடி எதைக் கண்டாலும் 'புல்லுருவி' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அது பிழை. புல்லுருவி தன் உறிஞ்சு வேர்களை மரத்தினுள் செலுத்தி அதன் சாற்றைப் பருகும். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்யும். தொற்றுத் தாவரமோ மரத்தைத் தாங்கும் இடமாக மட்டுமே கொள்ளும். மழை, பனி, காற்றில் மிதந்துவரும் தூசி, உதிர்ந்த இலையின் மக்கு ஆகியவையே அதன் உணவு. தாவரவியல் பாடத்தில் வாண்டாச் செடியின் தொற்று வேரைப் படித்திருப்பீர்கள். அவ்வேரைச் சுற்றியுள்ள வெலாமன் என்னும் வெண்ணிறத் திசு, பஞ்சு போல் நீரை நொடியில் ஈர்த்துக்கொள்கிறது. மழை நின்ற பின்னும் அந்த ஈரமே செடியைக் காக்கிறது.

அந்த வாண்டா நம் நாட்டுச் செடி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மா முதலிய மரங்களின் கிளைகளில் அது தொற்றி வளரும். அதன் பூவிதழ்களில் கட்டம் கட்டமாகப் பழுப்புக் கோடுகள் ஓடும். 1776-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் மருத்துவர், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய பெருநூலில், 1795-இல் இச்செடியைப் படத்துடன் வெளியிட்டார். சர் வில்லியம் ஜோன்ஸ் வடமொழி வழக்கிலிருந்து எடுத்தாண்ட 'வாண்டா' என்ற பெயரை, 1820-இல் ராபர்ட் பிரவுன் பேரினப் பெயராக நிலைநாட்டினார். இன்று உலகெங்கும் பூக்கடைகளில் வழங்கும் அச்சொல் இந்திய மண்ணின் சொல்லே.

ராக்ஸ்பர்க்கிற்குப் பின் வந்தவர் ராபர்ட் வைட். 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் வெளியிட்ட படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவற்றைத் தீட்டிய கைகள் ரங்கய்யா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்களுடையவை. பூவைப் பிரித்து, இதழையும் மகரந்தத்தையும் தனித்தனியே வரைந்து காட்டிய அவர்களது உழைப்பின்றி அந்நூல் இல்லை. நன்றி மறவாத வைட், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அது வேறொரு பேரினத்துடன் சேர்க்கப்பட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. ஓவியரின் புகழ் ஒழியலாகாது.

படம் கடல் கடந்தது. செடி கடப்பதோ எளிதாயில்லை. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும்; சரக்குகள் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிச் செல்லும். பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். உப்புநீர்த் திவலையும் இருண்ட கப்பல் அறையும் செடிகளைக் கொன்றன. இலண்டனில் நத்தேனியல் வார்டு என்னும் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்வதைக் கண்டார். 1833-இல் அத்தகைய பெட்டிகளில் செடிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு உயிருடன் சென்றன. அதுமுதல் கடல் வழி திறந்தது.

ஆயினும் கடலில் தப்பிய செடிகள் கரையில் மாண்டன. ஏன்? வெப்பநாட்டுச் செடி என்றால் எப்போதும் கடும் வெப்பம் வேண்டும் என்று இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் எண்ணினர். கண்ணாடி வீட்டின் சாளரங்களை அடைத்தனர், அடுப்பை மூட்டினர், தரையில் நீரைக் கொட்டினர். அந்தப் புழுக்கத்தில், மலைச்சாரலின் தென்றலில் ஆடிப் பழகிய செடிகள் அழுகி விழுந்தன. டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத் தலைவரான ஜோசப் பாக்ஸ்டன், 1830-களில் இப்பிழையை உணர்ந்து திருத்தினார். வெப்பத்தைக் குறைத்தார், புதுக்காற்றை உள்ளே விட்டார். செடிகள் பூத்தன. கண்டறிந்த உண்மை மிகச் சிறியது: காற்றில் வாழும் செடிக்குக் காற்று வேண்டும்!

அறிவு வளர்ந்தது, ஆசை அதனினும் விரைந்து வளர்ந்தது. 1850-இல் காசி மலைக்குச் சென்ற ஜோசப் ஹூக்கர், நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை அளவு சேகரித்தார். அவற்றுள் மிகச் சிலவே இங்கிலாந்தை உயிருடன் அடைந்தன. வேறொருவர் அனுப்பிய ஒரே ஆள் சுமை, நைந்த நிலையில் போய்ச் சேர்ந்தும், 300 பவுனுக்கு விலைபோனது. இதைக் கேட்ட வணிகர் சும்மா இருப்பரோ? காடுகள் சூறையாடப்பட்டன. 1991-இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நீல வாண்டாவைக் காப்புப் பட்டியலில் சேர்த்தது.

இனி, அந்த மாணவியின் மாடிக்குத் திரும்புவோம். இக்காலத்தில் 'காற்றுச் செடி' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்துத் தில்லாண்ட்சியா இனங்கள், அன்னாசியின் உறவினர். தில்லாண்ட்ஸ் என்பவர் பின்லாந்து நாட்டு மருத்துவர். கடற்பயணத்தில் வாந்தியால் வாடிய அவர், மீண்டும் கப்பலேற அஞ்சி, வளைகுடாவைச் சுற்றித் தரைவழியே ஊர் திரும்பினாராம். நீரை விரும்பாத செடி என்று கருதி லின்னேயஸ் அவர் பெயரை இதற்கு இட்டார். உண்மையில் இது நீரை வெறுப்பதன்று. இலையின் வெண்செதில்களால் பனியையும் மழையையும் பருகுவது. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பது.

வீட்டில் வளர்ப்போர்க்கு ஏற்ற வகைகள் பல. அயனாந்தா கைக்குள் அடங்கும். பூக்கும் காலத்தில் இலைகள் சிவந்து, ஊதாப் பூ நீளும். உஸ்னியாய்டஸ் நரைத்த தாடி போலத் தொங்கும். மெடூசாத் தலை என்னும் வகையின் இலைகள் பாம்பு போல் நெளியும். செரோகிராபிகா வெள்ளிச் சுருளாய் அகன்று விரியும். காட்டிலிருந்து மிகுதியாகப் பறிக்கப்பட்டதால் அதன் வணிகம் பன்னாட்டு உடன்பாட்டுக்கு உட்பட்டது. ஆதலால் பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வகைகளை வாரம் ஓரிரு முறை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி, தலைகீழாக உதறி, நிழலில் காற்றாடக் காய வைத்தால் போதும். மழைநீர் சிறந்தது, உப்புச்சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. செம்புக் கம்பியால் கட்டாதீர்கள். செம்பு இதற்கு நஞ்சு. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் அடைப்பதோ, பாக்ஸ்டனுக்கு முன்னிருந்தோர் செய்த அதே பிழை.

கடைசியாக ஒன்று. மண்ணிலிருந்து எதையும் பெறாத செடியின் உடலில் சேர்வதெல்லாம் பெரும்பாலும் காற்றும் மழையும் கொணர்ந்தவையே. ஆகவே அறிஞர்கள் இதனைக் காற்றின் சாட்சியாகக் கொண்டனர். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் தில்லாண்ட்சியாவைப் பல இடங்களில் கட்டித் தொங்கவிட்டு, பின்னர் அதன் இலைகளில் படிந்த உலோகங்களை அளந்து, எத்தெருவின் காற்று கெட்டது என அறிந்தனர்.

கொடுங்கையூர், பல பத்தாண்டுகளாக மாநகரின் குப்பையைத் தாங்கிய ஊர். அருகே மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. எண்ணூரில் 1970 முதல் 2017 வரை ஓர் அனல் மின்நிலையம் நிலக்கரி எரித்தது. அந்த மாணவியின் மாடியில் தொங்கும் செடி இக்காற்றைத்தான் பருகுகிறது. அவளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள். செடி வாடினால் வேறிடத்தில் மாற்றிக் கட்டலாம். ஊரை மாற்றிக் கட்ட இயலுமா? சாளரத்தைத் திறந்தால் உயிர் பிழைக்கும் என்று பாக்ஸ்டன் கண்டார். திறந்த சாளரத்தின் வழியே வரும் காற்று தூயதாக இருக்கச் செய்வது நம் தலைமுறையின் கடமை. மாணவர்களே, ஒரு செடியைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது என்ன சொல்கிறது என்று பொறுமையுடன் கேளுங்கள்.