சில்லின் முதுகில் எழுதியிருந்த ஊர்

ஹெட்போன் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ‘ஆப்-ஆம்ப் ரோலிங்’ என்றொரு விளையாட்டு உண்டு. ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றினால் உள்ளே எட்டுக் காலோடு கறுப்புச் சிலந்தி மாதிரி ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். அதை நெம்பி எடுத்துவிட்டு வேறொரு சில்லைச் செருகுவார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். ‘வயலின் கொஞ்சம் முன்னாடி வந்துருச்சு’, ‘பேஸ் இறுக்கமா இருக்கு’, ‘இதுல காத்தோட்டம் இருக்கு பாரு’ என்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நண்பனின் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி இதைச் செய்கிறோம். பரிசோதனைக்கு வைக்கும் தட்டு பெரும்பாலும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்தது. தமிழ் ஹெட்போன்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்.

சில்லுகளை புடுவில் உள்ள ஜாலான் பசார் கடைகளில் வாங்குவோம். இணையத்தில் வாங்கினால் போலி வரும். பழைய மலிவுச் சில்லின் எழுத்தைத் தேய்த்துவிட்டு விலை உயர்ந்த சில்லின் பெயரை அடித்து விற்கிறார்கள். அதனால் பூதக்கண்ணாடி வைத்து முதுகெழுத்தைப் படிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பாக எண், தயாரான ஆண்டு, வாரம் என்று வரிசையாக இருக்கும். சிலவற்றில் ஊர்ப்பெயரும் இருக்கும். பழைய சில்லுகளில் அடிக்கடி கண்ணில் படுவது ‘மலேசியா’. ‘மலேசியா அடிச்சதுதான் சவுண்டு’ என்று எங்களில் ஒருவன் சத்தியமே செய்வான். பிரெஞ்சுக்காரன் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிற தோரணை அது. ஆனால் மலேசியாவில் எங்கே? அந்த வீட்டிலிருந்து சுங்கை வேக்கு காரில் போக அதிக நேரமாகாது. அம்பாங், உலு கிளாங் பக்கமும் அப்படித்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஊர்ப்பெயரைப் பற்றியது.

1971இல் மலேசிய அரசு சுதந்திர வணிக வலயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் சுங்கவரி இல்லாமல் பொருளைக் கொண்டுவந்து, இங்கே செய்து, திரும்ப ஏற்றுமதி செய்துகொள்ளலாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை அவ்வளவு பேசப்படுவதில்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1972இல் கோலாலம்பூருக்கு வந்தது. மோட்டோரோலா பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயில் ஆலை போட்டது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனமும் கோலாலம்பூரில் சில்லு ஆலை வைத்திருந்தது.

ஆர்.சி.ஏ. என்ற பெயரை ஆடியோ ஆர்வலர் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டைகள் இருக்குமே, அதில் செருகுகிற ஒயருக்கு இன்றுவரை ‘ஆர்.சி.ஏ. கேபிள்’ என்றுதான் பெயர். 1930களில் கிராமபோனை ரேடியோவோடு இணைப்பதற்காக அந்த நிறுவனம் கொண்டுவந்த செருகி அது. கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்கு இன்னொரு பெயர் தெரிந்திருக்கும்: 2 என் 3055. ஆர்.சி.ஏ. 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பவர் டிரான்சிஸ்டர். வட்டமான உலோக மூடியும் இரண்டு பக்கமும் திருகாணி ஓட்டையுமாக இருக்கும். உலகம் முழுக்க வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கட்டியவர்கள் கைபட்டுத் தேய்ந்த பாகம். நம்மூர் மாரியம்மன் பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கோலாலம்பூரில் என்ன வேலை நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சில்லின் மூளையான சிலிக்கான் தகடு அப்போது இங்கே தயாராகவில்லை. அது வெளிநாட்டிலிருந்து வரும். இங்கே அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக அறுத்து, உலோகச் சட்டத்தில் ஒட்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தங்கக் கம்பியை இணைத்து, கறுப்புப் பிசினால் மூடி, சோதித்து அனுப்பவேண்டும். அந்தத் தங்கக் கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரான், மனிதத் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான். 1970களில் அதை இணைத்தது எந்திரத்தின் கண் இல்லை, பெண்ணின் கண். மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டு, ஒரு முனையைச் சிலிக்கானில் தொட்டு, வளைத்து, மறுமுனையைக் காலில் தொட வேண்டும். எட்டுக் கால் என்றால் எட்டுத் தடவை. ஷிப்ட் முடியும்வரை அடுத்தது, அடுத்தது.

என் அம்மா அந்த வேலை செய்தவர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, 1984இல் சேர்ந்தார். விடியுமுன் தோட்டத்து முச்சந்திக்கு வரும் பேருந்தை ‘பஸ் கிலாங்’ என்றுதான் இன்னும் சொல்வார். கிலாங் என்றால் மலாயில் ஆலை. கிள்ளானுக்குப் போகிற பஸ் என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘கண்ணு அவிஞ்சு போச்சுடா. முப்பது வயசுக்குள்ள கண்ணாடி. ஆனா கையில மாசாமாசம் காசு இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல’ என்பார். அந்தக் காசில் அவர் முதலில் வாங்கியது ஒரு கேசட் ரேடியோ. தெங்கு கிளானா சாலையில் போய்ப் பாட்டு கேசட் வாங்கி வருவார்.

அந்தக் கேசட் ரேடியோ ஒரு பெரிய மாற்றத்தின் அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் பால்வெட்டுச் சம்பளம் பெரும்பாலும் குடும்பச் சம்பளம். ஆலைச் சம்பளம் பெண்ணின் பெயர் போட்ட உறையில் வந்தது. தோட்டங்களும் அப்போது ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பிராங் புசார் தோட்டம் பின்னாளில் புத்ராஜெயா ஆனது. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதிப் பெண்களுக்கு அடுத்த இடம் மைக்ராஸ்கோப்தான். எண்ணிக்கையில் மலாய்ப் பெண்களே பெரும்பான்மை, தமிழ்ப் பெண்கள் குறைவு. அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் பால்வெட்டைப் பற்றி நம் இலக்கியத்தில் ஓர் அலமாரியே இருக்கிறது. மைக்ராஸ்கோப்பைப் பற்றி நான் படித்தவரை ஒரு தட்டுகூட நிரம்பவில்லை.

மலாய்ப் பெண்களைப் பற்றியாவது ஒரு நல்ல புத்தகம் இருக்கிறது. லங்காட் என்றதும் நமக்கு அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ நினைவுக்கு வரும். அதே கோலா லங்காட் வட்டாரத்தில் ஜப்பானிய ஆலைகளில் வேலைசெய்த மலாய்ப் பெண்களை ஆராய்ந்து மானுடவியலாளர் ஐவா ஓங் 1987இல் ஒரு நூல் எழுதினார். ஆலைகளில் பெண்களுக்குப் பேய்பிடித்ததைத்தான் அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டார். மைக்ராஸ்கோப்புக்குள் உருவம் தெரிந்ததாகச் சொல்லி ஒரு பெண் அலற, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரவும். நிர்வாகம் போமோவைக் கூப்பிட்டு ஆடு வெட்டச் சொல்லும். அதை எதிர்ப்பின் மொழியாக ஓங் படித்தார். அம்மாவிடம் கேட்டேன். ‘எங்க லைன்லயும் நடந்துச்சு. அன்னிக்கி சீக்கிரம் வீட்டுக்கு விட்டாங்க’ என்றார். ஐவா ஓங்கின் கோட்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான உரை வேண்டாம்.

பேய் பிடிக்காமல் எதிர்த்தவர்களும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் அமைக்க அரசு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1988இல் அனுமதிப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்க நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. கொஞ்ச நாளிலேயே, அந்தந்த ஆலைக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அது சுருங்கிவிட்டது. அப்படிச் சங்கம் அமைக்க முன்வந்தவர்கள் யார் தெரியுமா? நம் சிவப்பு வெள்ளைச் செருகியின் ஆர்.சி.ஏ. ஆலைக்காரர்கள். ஆர்.சி.ஏ.வை 1986இல் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியிருந்தது. சில்லுப் பிரிவு 1988இல் ஹாரிஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. பிறகு தொழிலாளர்களை வேறொரு துணை நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, சங்கத்தை முன்னெடுத்தவர்களைப் பழைய நிறுவனத்திலேயே தனியாக விட்டுவைத்து, பின்னர் அவர்களை வேலையிலிருந்தும் நீக்கினார்கள். வழக்கும் முறையீடும் வருடக்கணக்கில் இழுத்தன. வட்டார அளவிலான சங்கங்களுக்கு அனுமதி கிடைக்க 2009 வரை ஆனது. இந்த ஒயரைப் பிடித்துச் செருகும்போது அந்தப் பெயருக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்று எங்கள் கூட்டத்தில் சொன்னேன். ஒருவன் ‘கேபிளை மாத்தலாமா?’ என்றான். நல்ல ஜோக்தான்.

ஒலியின் தரத்தைப் பற்றிய எங்கள் சண்டைக்கே வருவோம். ‘பர்ன்-இன்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. புது ஹெட்போனை இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி ‘திறக்கும்’ என்பார்கள். அந்தச் சொல் சில்லு ஆலையில் உண்மையாகவே ஒரு வேலையின் பெயர். சில்லுகளைச் சுமார் 125 டிகிரிச் சூட்டு அடுப்பில், மின்னழுத்தம் கொடுத்து மணிக்கணக்கில் வைப்பார்கள். சீக்கிரம் சாகப்போகிறவை அங்கேயே செத்துவிடும், மிஞ்சியதுதான் கடைக்குப் போகும். சில்லை மெருகேற்றுவது நோக்கமில்லை, பலவீனமானதைக் கழித்துக்கட்டுவதுதான். அம்மா கடைசி நான்கு வருடம் அந்தப் பிரிவில் இருந்தார். என் நண்பன் ஒருவன் ஹெட்போனை பர்ன்-இன் செய்வதைக் கேட்டுவிட்டு, ‘எத்தனை செத்துச்சு?’ என்று கேட்டார்.

தங்கக் கம்பி விஷயம் இன்னும் சுவையானது. தங்கமுலாம் பூசிய செருகி, சுத்த வெள்ளி ஒயர் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டுகிறோம். (வெளிநாட்டு வாசகர்களுக்கு: முதல் வெள்ளி உலோகம், இரண்டாவது ரிங்கிட்.) ஆனால் இசை சில்லுக்குள் போகும்போது அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மெல்லிய கம்பியைக் கடந்தே ஆக வேண்டும். தங்கம் விலை ஏறிய பிறகு, கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் சில்லு நிறுவனங்கள் பெருமளவு தங்கத்திலிருந்து செம்புக்கு மாறிவிட்டன. எந்த ஹெட்போன்காரரும் காதால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ‘திடீர்னு 2012ல இருந்து எல்லாப் பாட்டும் செம்பு வாசம் அடிக்குது’ என்று யாரும் எழுதவில்லை.

நான் பொறியாளன் என்பதால் இதில் என் கட்சி தெளிவு. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் ஆம்ப்ளிஃபையர்களை மறைத்துவைத்துச் சோதித்தது. மலிவானதையும் விலை உயர்ந்ததையும் கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தெளிவுத் தட்டையும் சாதாரண சி.டி. தரத்தையும் மாற்றிமாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 சோதனைகளில் 276 சரி. அது காசைச் சுண்டிப்போட்டால் வருகிற கணக்கு. சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கூடத் தெய்வ வாக்கில்லை. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு மூன்று மாதிரி, ஒரு புலத்துக்கு 245 வரி, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஆனால் ஹெட்போன் மாறினால் ஒலி மாறும், அதில் சந்தேகமே இல்லை. காதுக்குப் பக்கத்தில் அசைகிற சவ்வு வேறு, காதை மூடும் விதம் வேறு. பணத்தை அங்கே போடுங்கள், சில்லை நிம்மதியாக விடுங்கள்.

அப்படியானால் ‘மலேசியா அடிச்ச’ சில்லில் எதுவுமே இல்லையா? ஒலியில் இல்லை. அது நன்றாகச் செய்யப்பட்டது என்பதன் அர்த்தமே அது கேட்காது என்பதுதான். எட்டுக் கம்பியும் சரியாக ஒட்டியிருந்தால் அதைச் செய்தவரின் தடம் ஒலியில் சுத்தமாக இருக்காது. ஒன்று பிசகியிருந்தால்தான் கரகரவென்று அவர் இருப்பது தெரியும். பாடகரும் வயலின்காரரும் ஒலிப்பதிவாளரும் கேட்கப்படுவதற்காக உழைத்தார்கள். இவர்கள் கேட்கப்படாமல் இருப்பதற்காக உழைத்தார்கள்.

அதன் பிறகு மைக்ராஸ்கோப் வேலையைத் தானியங்கி எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஒரு பெண் ஒரு கம்பியை இணைத்த இடத்தில், ஒருவர் பல எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது. அம்மா மாதிரியானவர்கள் கல்யாணம், பிள்ளை என்று வெளியேறினார்கள். வாக்மேனும் டிஸ்க்மேனும் ‘மேட் இன் மலேசியா’ என்று வந்த காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் சோனியின் சத்தம் குறைக்கும் ஹெட்போன்களிலும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். 2021இல் சோனி பினாங்கு ஆலையை மூடி, வேலையைச் சிலாங்கூருக்கு மாற்றுவதாக அறிவித்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2023இல் கோலாலம்பூரில் மட்டும் 960 கோடி ரிங்கிட் வரை முதலீட்டில் புது ஆலையை அறிவித்தது. ஆக, முதுகெழுத்து தொடரும்.

உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். இன்று மலேசிய எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மாரிலிருந்து வந்தவர்கள் நிறைய. 2014இல் வெரிட்டே என்ற அமைப்பு 501 தொழிலாளர்களை நேர்கண்டு, அவர்களில் 28 சதவீதத்தினர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், பிடுங்கி வைக்கப்பட்ட பாஸ்போர்ட். கங்காணி காலத்துக் கடன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை.

என் அலுவலகம் சுங்கை வே பக்கம்தான். மாலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஆலைப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். ஜன்னலோரம் இருப்பவர்கள் பெரும்பாலும் காதில் இயர்போன் மாட்டியிருப்பார்கள். பத்து வெள்ளிக்கு நடைபாதையில் கிடைக்கும் வகை, ஒரு பக்கம் வேலை செய்யாது, ஒயரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் ஒரு நேப்பாளப் பையனிடம் என்ன பாட்டு என்று சைகையில் கேட்டேன். வேலை செய்கிற பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.