உடலா, மனமா? – ஒரு கேள்வியின் வரலாறு

நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் வரலாறு உண்டு. புற்றுநோயாளியிடம் அவரது மனநிலையை முறையாக விசாரிக்கும் வழக்கம் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் இருந்தது மௌனம்.

1961இல் சிகாகோவில் டொனால்ட் ஓகன் 219 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். நோயின் பெயரே மறைக்கப்படும்போது, அது விளைவிக்கும் துயரைப் பற்றிப் பேச ஏது இடம்? 1979இல் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டபோது நிலை தலைகீழாகியிருந்தது. 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். இவ்விரு ஆய்வுகளுக்கும் இடையில், 1977இல், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மனநலப் பிரிவைத் தொடங்கினார் ஜிம்மி ஹாலண்ட். உளப் புற்றுநோயியல் என்னும் துறை உருப்பெற்றதில் அவர் பங்கு பெரிது.

மௌனம் கலைந்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. பசியின்மை, உறக்கமின்மை, களைப்பு ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். புற்றுநோயும் அதற்கான மருந்துகளும் இவற்றையே உண்டாக்குகின்றன. உடல் சொல்வதையும் மனம் சொல்வதையும் எப்படிப் பிரித்தறிவது? 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் இருவர், மருத்துவமனை நோயாளிகளுக்கென 14 வினாக்கள் கொண்ட அளவுகோலை அமைத்தனர். ஏழு வினாக்கள் பதற்றத்திற்கு, ஏழு மனச்சோர்வுக்கு. உறக்கத்தையும் பசியையும் அவர்கள் கேட்கவில்லை. முன்பு மகிழ்வித்தவை இன்றும் மகிழ்விக்கின்றனவா என்று கேட்டனர். எதைக் கேட்கலாகாது என்று தெரிந்ததே அவ்வளவுகோலின் நுட்பம் எனலாம்.

மொழியில் ஈடுபாடுள்ள நம்மை அடுத்த கட்டம் கூடுதலாக ஈர்க்கிறது. 1997இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர் குழுவொன்று 'மனநோய்' என்ற சொல்லே நோயாளிகளை வாயடைக்கச் செய்வதை உணர்ந்து, 'துயர்' என்று பொருள்படும் எளிய சொல்லைத் தேர்ந்தது. வெப்பமானியின் படத்தில் 0 முதல் 10 வரை தம் துயரை நோயாளியே குறிக்கும் முறை அவ்வாறு பிறந்தது. பின்னாளில் 4 என்பது மேல்விசாரணைக்கான எல்லையாயிற்று. அதே 1997இல் கனடாவின் சொச்சினோவ் குழுவினர், இறுதிக்கட்ட நோயாளிகளிடம் மனச்சோர்வுண்டா என நேராகக் கேட்பதே நீண்ட வினாப்பட்டியல்களைவிட நன்கு பயன்பட்டது என்றனர். ஒற்றைக் கேள்வி மட்டும் போதாது எனப் பின்வந்த ஆய்வுகள் திருத்தின.

ஆயினும் கண்டறிவது வேறு, கவனிப்பது வேறு. 2014இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தது. கடும் மனச்சோர்வுற்றோரில் 73 விழுக்காட்டினர் அதற்குரிய சிகிச்சை எதுவும் பெறவில்லை. அதே ஆண்டில் 500 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு வழியும் காட்டிற்று. பயிற்சி பெற்ற செவிலியரும் மனநல மருத்துவரும் இணைந்து தொடர்ந்து கவனித்தபோது, 24 வாரங்களில் 62 விழுக்காட்டினரின் சோர்வு பாதியாகவேனும் குறைந்தது. வழக்கமான கவனிப்பில் அது 17 விழுக்காடே.

வினாத்தாளை மேம்படுத்தும் முயற்சிகள் இன்றும் தொடர்கின்றன, தொடரவும் வேண்டும். ஆனால் தாளில் 7 என்று குறித்த ஒருவரை அடுத்த வாரம் யார் அழைத்துப் பேசுவார் என்பது முடிவாகாதவரை, அந்த எண் கோப்பில்தான் கிடக்கும். கேட்கக் கற்றுக்கொண்ட மருத்துவம், கேட்டபின் செய்ய வேண்டியதையும் இப்போது அறிந்திருக்கிறது. அதை எல்லா நோயாளிகளுக்கும் கொண்டுசேர்ப்பதே எஞ்சியுள்ள பணி.