கல்லை விடுதலும் கயிற்றைப் பற்றுதலும்

கொற்கை முத்தின் பெருமையை நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அதை எடுத்து வந்த குளியாளி எவற்றைச் சுமந்துகொண்டு நீருக்குள் இறங்கினார், அவற்றை எங்கே மாட்டிக்கொண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சுறாக்களை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரை அகநானூற்றின் 350ஆம் பாடல் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலோ, கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்கிறது. ஆனால் குளிப்பின் நுட்பத்தை அறிய நாம் பிற்காலத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, இலங்கையைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில், மன்னார்க் கடலின் சலாபத்தை விவரிக்கிறார். குளியாளி வலக்காலின் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றுவார். இடக்காலின் விரல்களால் வலைப்பையைப் பற்றுவார். வலக்கையில் இன்னொரு கயிறு. இடக்கை மூக்கைப் பொத்தியிருக்கும். தரையைத் தொட்டதும் வலைப்பை கழுத்துக்கு மாறும். கைகள் இரண்டும் சிப்பி பொறுக்குவதற்கு விடுபடும். மூச்சு முட்டும் நேரத்தில் கையிலுள்ள கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர்கள் அவரை மேலே இழுத்துவிடுவார்கள். கல் பிறகு தனியே ஏறிவரும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறங்குவதற்கு உதவிய கல், ஏறும்போது எமனாகிவிடும். ஆகவே அது உடம்போடு பிணைக்கப்படவில்லை. விரல்களின் பிடியில் மட்டுமே இருந்தது. நினைத்த கணத்தில் விடக்கூடியதாக இருப்பதே அதன் பாதுகாப்பு.

1943இல் கூஸ்தோவும் கான்யானும் பிரான்சில் உருவாக்கிய மூச்சுக்கருவி, முக்குளிப்பவரைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. சுமையோ கூடியது: காற்று உருளை, ஈயக்கட்டி கோத்த இடுப்புப்பட்டை, அழுத்தமானி, உதிரி மூச்சுக்குழாய், விளக்கு, கத்தி. ஆயினும் இன்றைய பயிற்சியாளர்கள் வற்புறுத்தும் விதிகளில் பழைய நெறியே தொடர்கிறது. ஈயப்பட்டையை ஒரு கையாலேயே கழற்ற முடியவேண்டும். எந்தக் கருவியும் தொங்கலாகாது. கொக்கியால் உடம்போடு ஒட்டி நிற்கவேண்டும். தொங்கும் குழாய் வலையில் சிக்கினால் ஆளுக்கு ஆபத்து. பவளத்தில் உரசினால் பவளத்துக்கு ஆபத்து. 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில் இரண்டாவது ஆபத்தும் சிறியதன்று.

ஒரு பொருள் மட்டும் புதிய கருவிகளின் வரிசையில் இல்லை. அது மேலே ஒருவர் பிடித்திருந்த கயிறு. குளியாளியின் கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்பது தூத்துக்குடி வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பிடி தளர்ந்தால் அறுவது தன் உடன்பிறந்தாளின் தாலி என்பதை அறிந்தவன் அவன். அந்த இடத்தை நிரப்பவே இன்று இணையின்றி இறங்காதே என்கிறார்கள். நீருக்குள் ஒருவர் மற்றவரின் கொக்கிகளையும் காற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

தூத்துக்குடியில் 1961க்குப் பின் பெருஞ்சலாபம் நடக்கவில்லை. முத்தின் விலையை எழுதிவைத்த ஏடுகள் ஏராளம். கால்விரலில் கல்லையும் கழுத்தில் வலையையும் தாங்கியவர்களின் பெயர்களோ அவற்றில் அரிது. எதை இறுகப் பற்றுவது, எதை உடனே விடுவது என்ற அவர்களுடைய அறிவு மட்டும், பெயரில்லாமலேயே, ஒவ்வொரு முக்குளிப்பவரின் இடுப்பிலும் இன்று இருக்கிறது.