அச்சத்திலிருந்து பெருமிதத்திற்கு: ஹொலிவூட் அரக்கர் படங்கள் கடந்த பாதை

கற்றோர் பலர் விரும்பிப் பார்ப்பதும், பார்த்ததை வெளியிற் கூற நாணுவதுமான படவகை ஒன்றுண்டு. பழைய அரக்கப் பாத்திரங்களைப் பெரும் பொருட்செலவில், சண்டைக் காட்சிகளிடையே உலவவிடும் ஹொலிவூட் படங்களே அவை. இந்நாணம் எதன்பாற்பட்டது என அறிய அவற்றின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய 1931 ஆம் ஆண்டில் யூனிவேர்சல் நிறுவனம் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்ரைன்' ஆகிய படங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் 'மம்மி' வந்தது. 1922 இல் துட்டன்காமனின் கல்லறை கண்டறியப்பட்டமையால் எழுந்த ஆர்வம் அதற்குப் பின்புலமாயிற்று. முதலிரு படங்களிலும் பின்னணி இசை ஏறத்தாழ இல்லை எனலாம். நிழலும் மௌனமுமே அவற்றின் கருவிகள். போறிஸ் கார்லோப் நடித்த பிராங்கன்ஸ்ரைனின் படைப்பு, அச்சத்தோடு இரக்கத்தையும் வேண்டி நின்றது. படைத்தவனாலேயே கைவிடப்பட்ட உயிர் அது.

பணமே இவ்வரக்கரைக் கெடுத்தது என்பர் சிலர். வரலாறு இக்கூற்றை முற்றாக ஏற்கவில்லை. 1943 இலேயே பிராங்கன்ஸ்ரைனின் படைப்பும் ஓநாய் மனிதனும் ஒரே படத்தில் மோதவிடப்பட்டனர். 1948 இல் அவர்கள் அபொட், கொஸ்ரெல்லோ என்னும் நகைச்சுவை இணையருக்குத் துணைப் பாத்திரங்களாயினர். இவற்றைச் செய்ததும் யூனிவேர்சல் நிறுவனமே.

ஸ்ரீபன் சொமேர்ஸ் 1999 இல் இயக்கிய 'மம்மி', ஏறத்தாழ 80 மில்லியன் டொலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 400 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. இங்கு மாறியது செலவு மட்டுமன்று; பார்வையாளன் நிற்கும் இடமும் மாறிற்று. முன்னர் அரக்கனின் முகத்தை நேரே நோக்கியவன், இப்போது வீரனின் பக்கத்தில் நின்று அம்பையும் குண்டையும் எண்ணுகிறான். அச்சம் இருந்த இடத்திற் பெருமிதம் அமர்ந்தது. இரங்கும் கடமையிலிருந்தும் அவன் விடுவிக்கப்பட்டான். நாணத்தின் வேர் இதுவே.

ஆயினும் இரக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. 2001 இல் வந்த இரண்டாம் படத்தில், காதலி தன்னைக் கைவிட்டோடியதைக் கண்ட இம்ஹோதெப் தானே பிடியை விட்டுப் பாதாளத்தில் வீழ்கிறான். 2004 இல் வெளிவந்த 'வான் ஹெல்சிங்' படத்தின் முடிவில், பிராங்கன்ஸ்ரைனின் படைப்பு தெப்பமொன்றிலேறித் தனியே கடலிற் செல்கிறது. 1818 இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலும், பனிக்கட்டித் தெப்பத்தில் இருளுட் சென்று மறையும் அவ்வுயிருடனேயே முடிவது ஒப்புநோக்கத்தக்கது.

2017 இல் மீண்டும் எடுக்கப்பட்ட 'மம்மி' அரக்கர் அனைவரையும் இணைக்கும் தொடர்த் திட்டத்தின் தொடக்கமாக வந்தது. அத்திட்டம் அதனோடு நின்றது. 2020 இல் ஏறத்தாழ 7 மில்லியன் டொலரில் எடுக்கப்பட்ட 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' வெற்றி கண்டது. அது பார்வையாளனை மீண்டும் அச்சத்தின் எதிரில் நிறுத்தியது.

எனவே, ஆரவாரக் காட்சிகளை இரசிப்பதில் நாணத்திற்கு இடமில்லை. அவற்றிடையே தெப்பமேறித் தனியே செல்லும் உயிரைக் காணாது எழுந்து செல்வதே நாணத்தக்கது.