சோறு தின்ற ஐ-ஐ

பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் எங்கள் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சு படித்ததால், 1782-இல் வெளிவந்த அவருடைய பயண நூலை மூலத்திலேயே படிக்க முடிந்தது. அதில் மடகாஸ்கர் விலங்கு ஒன்று வருகிறது.

அதைப் பார்த்த தீவின் வேறு பகுதி மக்கள் வியப்பில் கூவினார்களாம். அந்த ஒலியையே 'ஐ-ஐ' என்று பெயராக வைத்துவிட்டார். நம் 'ஐயையோ' போலத்தான்! ஆணும் பெண்ணுமாக இரண்டைச் சோறு போட்டு வளர்த்தார். சீனர்கள் குச்சியால் உண்பதுபோல மெல்லிய விரலால் அவை சோறு தின்றனவாம். இரண்டே மாதத்தில் இறந்துவிட்டன.

காட்டில் அந்த விரலுக்கு வேறு வேலை. இரவில் மரக்கிளையைத் தட்டிப் பார்க்கும். உள்ளே பொந்து இருப்பதைக் காதால் அறிந்து, பல்லால் கடித்துத் துளைத்து, நீண்ட நடுவிரலால் புழுவை இழுத்துத் தின்னும்.

ஓயாமல் வளரும் முன்பல் அணிலுக்கு உள்ளது போன்றது. 1788-இல் க்மெலின் அதை அணில் இனத்திலேயே சேர்த்தார். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் உடலை விரிவாக ஆராய்ந்து 1863-இல் எழுதிய பிறகே, அது நம் தேவாங்குக்குத் தூரத்து உறவான லெமூர் என்பது உறுதியாயிற்று. குமாஸ்தா பாஷையில் சொன்னால், கோப்பு உரிய பிரிவுக்கு வந்து சேர 75 ஆண்டுகள்.

அதற்குள் காடு சுருங்கிக்கொண்டே வந்தது. 1930-களில் இனமே அழிந்தது என்று நினைத்தார்கள். 1957-இல் ழான்-ழாக் பெத்தேர் மீண்டும் கண்டறிந்தார். 1966-இல் ஒன்பது விலங்குகளை நோசி மங்காபே என்ற சிறு தீவில் விட்டார்கள். இன்றும் அது அருகிவரும் இனமே. அபசகுனம் என்று கண்ட இடத்தில் கொல்பவர்களும் உண்டு.

காடு குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம், மரங்களை வெட்டி எரித்து மலைச்சரிவில் நெல் விதைப்பது. அன்று சொன்னெரா அன்போடு போட்டதும் அதே சோறுதான். மடகாஸ்கர் உழவரை நான் குறைசொல்ல மாட்டேன். மூன்று வேளையும் சோறு உண்கிற நமக்கு அவர் பசி புரியும். ஆனால் இருக்கிற வயலில் கூடுதலாக விளைய அவருக்கு வழி செய்யாமல், 'காட்டைத் தொடாதே' என்று உத்தரவு மட்டும் போட்டால் எடுபடாது. பிரிவு மாறிப்போன கோப்பைத் திருத்திவிடலாம். எரிந்த காட்டை எந்தப் பிரிவில் போய்த் தேடுவது?