ஓர் ஒற்றெழுத்தின் வரலாறு

குடிவந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து, "நீ அந்நியன்" என்று கூறினால் நகைப்போம். ஆனால், அந்த நகைப்புக்கிடமான சொல்லே வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது ஒரு நாட்டிலே! பிரிட்டன் தீவின் மேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையே வாழும் மக்கள் தம்மைக் 'கம்ரி' என்று அழைத்துக்கொண்டனர். ஒரு நாட்டு மக்கள் என்பது அதன் பொருள். பின்னே வந்து குடியேறிய ஆங்கிலேயர் அவர்களுக்கு இட்ட பெயர் 'வெல்ஷ்'. பொருள் என்ன தெரியுமோ? அந்நியர்! வேல்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதன் வழிவந்ததே. நாட்டின் பெயருக்கே இந்த நிலையென்றால், மக்களின் பெயர்கள் பட்ட பாட்டைக் கூறவும் வேண்டுமோ?

வேல்சு மக்களுக்குப் பண்டு குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே அடையாளம். மகனுக்கு அவர்கள் மொழியில் 'மாப்' என்று பெயர். இரு பெயர்களுக்கிடையே வரும்போது அது 'அப்' என்று குறுகும். 1282இல் ஆங்கிலப் படையால் கொல்லப்பட்ட இளவரசன், லெவெலின் அப் கிரிஃபித். கிரிஃபித்தின் மகன் லெவெலின். மகளானால் 'வெர்க்'. மணமான பின்னும் அவள் பெயர் கணவன் பெயரிலே கரைந்துவிடவில்லை. பிற்காலத்திலே ஆங்கில வழக்கம்தான் அதைக் கரைத்தது.

இந்த நீண்ட பெயர்கள் வெறும் பழம்பெருமைக்காக மட்டும் வழங்கியவை அல்ல. பத்தாம் நூற்றாண்டு மன்னன் ஹவெலின் பெயரால் வழங்கும் சட்டங்களின்படி, நிலம் மைந்தர்களுக்குப் பங்கிடப்பட்டது. கொலைக்குரிய ஈட்டுத்தொகையைச் சுற்றத்தார் சேர்ந்து செலுத்தினர். ஆகவே, யார் மகன், யார் பேரன் என்பது வழக்குமன்றத்திலே சான்றாக நின்றது. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. வழிமுறை அறியப்பட்ட குடியினனுக்கே 'வேருடையவன்' என்ற மதிப்பு. பண்ணையாளுக்கும் தந்தை உண்டு, பாட்டன் உண்டு. அவனது வேரை மதிக்கச் சட்டத்துக்கு மனம் வரவில்லை!

1485இல் இங்கிலாந்தின் அரியணை ஏறினான் ஏழாம் ஹென்றி. அவனுடைய பாட்டன் ஒரு வேல்சுக்காரன்: ஓவென் அப் மரெடித் அப் டியூடர். அந்தப் பெயர்த்தொடரிலே பாட்டனின் பெயரைப் பிடித்துக்கொண்டு 'ஓவென் டியூடர்' என்று எழுதினர் ஆங்கிலேயர். தந்தை பெயரைப் பிடித்திருந்தால், டியூடர் பரம்பரைக்கு மரெடித் பரம்பரை என்றே பெயராகியிருக்கும்! அந்த ஏழாம் ஹென்றியின் மகன்தான், 1536, 1543 ஆண்டுகளின் சட்டங்களால் வேல்சை இங்கிலாந்துடன் இணைத்து, வழக்குமன்றத்தில் ஆங்கிலமே வழங்கவேண்டும், ஆங்கிலம் வழங்காதவனுக்குப் பதவி இல்லை என்று ஆக்கிய எட்டாம் ஹென்றி. குலத்தைக் கெடுத்த கோடரிக்காம்பு!

பெயரை மாற்று என்று சட்டம் கூறவில்லை. ஆனால் எழுதுகோல் ஆங்கில எழுத்தரின் கையிலே இருந்தது. முதலில் மேட்டுக்குடியினர் மாறினர். எளியோரிடையே பழைய வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. 'அப்' சிதைந்தது, அகரம் உதிர்ந்து, எஞ்சிய ஒற்று, அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப் ஹவெல், பவெல் ஆயிற்று. அப் ரீஸ், பிரைஸ். அப் ஹாரி, பாரி. அப் ரிச்சர்டு, பிரிச்சர்டு. அப் ஓவென், போவென். அப் எவான், பெவான். மகன் என்ற உறவு முழுவதும் ஓர் ஒற்றெழுத்திலே ஒடுங்கிற்று!

வேறு சிலர் 'அப்'பை விடுத்து, ஆங்கில வேற்றுமை உருபாகிய 'ஸ்' சேர்த்தனர். ஜானுடையவன் ஜோன்ஸ், டேவிட்டினுடையவன் டேவிஸ். வேல்சிலே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேடிக்கை என்னவென்றால், அம்மொழியின் பழைய நெடுங்கணக்கிலே அந்த ஜகர ஒலிக்கு எழுத்தே இல்லை! எவான் என்பதும் ஜான் என்பதன் வேல்சு வடிவமே. ஆகவே ஜோன்சும் எவான்சும் ஒரு பெயரின் இரு வேடங்கள். ஊரெங்கும் ஜோன்ஸ் நிறைந்தபோது, பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூற நேர்ந்தது. அடையாளம் காட்டப் பிறந்த பெயர், அடையாளம் காட்ட இயலாமற்போயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே மொழியுணர்ச்சி கிளர்ந்தபோது, 'அப்'பும் மீண்டெழுந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம், வேல்சு மொழிக்கு அந்நாட்டிலே ஆட்சிமொழித் தகுதியை உறுதிசெய்தது. 2023இல் அந்நாட்டுத் தேசியக் கட்சியின் தலைமையை ஏற்றவர் பெயர் ரின் அப் யோர்வெர்த்.

மீட்க வேண்டியது எது? மொழி, தன்மானம். மீட்கக் கூடாதது எது? வேருடையவன், வேரற்றவன் என்ற பழைய பேதம். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே சாதிப்பட்டம் துறக்கத் தீர்மானித்த இயக்கத்தின் வழிவந்த நமக்கு, இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், ஏழையென்றும் செல்வனென்றும் பாராமல் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் திட்டம் பிரிட்டனிலே தொடங்கிற்று. அதை நிறைவேற்றிய அமைச்சர், வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இளமையிலே தாமும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். பெயர், அனைரின் பெவான். 'அப் எவான்' என்ற பழம்பெயரின் ஒற்று அவர் பெயரிலே இன்னும் ஒலிக்கிறது. ஆனால் அவர் திறந்துவிட்ட மருத்துவமனை வாயிலிலே, "நீ யார் பேரன்?" என்று எந்த நோயாளியையும் எவரும் கேட்கவில்லை!