நாய்களில் நீரிழிவு நோய்

நாய்களில் நீரிழிவு நோய் என்பது, கணையம் போதிய அளவு இன்சுலினைச் சுரக்காததால் குருதியில் குளுக்கோசின் அளவு நிலையாக உயர்ந்திருக்கும் ஒரு நாள்பட்ட நோய் ஆகும். நடுத்தர வயதையும் முதுமையையும் எட்டிய நாய்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இந்நோய் முற்றிலும் குணமாவது அரிது. எனினும், நாள்தோறும் இன்சுலின் ஊசி, ஒழுங்கான உணவு, தொடர்ந்த கவனிப்பு ஆகியவற்றின் மூலம் நாய் பல ஆண்டுகள் நலமுடன் வாழ இயலும். வெற்றி பெரும்பாலும் வீட்டாரின் நேர ஒழுங்கையே சார்ந்துள்ளது.

காரணங்கள்

நாய்களில் காணப்படும் வகை, மனிதரின் முதலாம் வகை நீரிழிவை ஒத்தது. கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்கள் அழிந்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிறது. எனவே, மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் நாய்களுக்குப் பொதுவாகப் பயன்படுவதில்லை.

கணைய அழற்சி, மரபுக்கூறுகள், நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்துகள், குஷிங் நோய் ஆகியவை இந்நோய்க்கு வழிவகுக்கக்கூடும். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில், சினைப்பருவத்திற்குப் பின் மிகும் புரோஜெஸ்டிரோன் இயக்குநீர் இன்சுலினின் செயலைத் தடுக்கிறது. இத்தகைய நாய்களுக்குக் கருப்பை, சூலக நீக்க அறுவை மருத்துவம் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். சமோயெட், குறுஷ்னாசர், பூடில் ஆகிய இனங்களில் இந்நோய் கூடுதலாகவும், பாக்சர், ஜெர்மன் செப்பர்டு இனங்களில் குறைவாகவும் காணப்படுகிறது.

அறிகுறிகள்

* மிகுதியாகத் தண்ணீர் குடித்தல்
* அடிக்கடி சிறுநீர் கழித்தல், வீட்டினுள் கழித்தல்
* நன்றாக உண்டும் உடல் மெலிதல்
* கண்புரை

குருதிக் குளுக்கோசு ஏறத்தாழ 180 முதல் 220 மி.கி./டெ.லி. அளவைத் தாண்டும்போது சிறுநீரகங்களால் அதை மீட்க இயலாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. நாய் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு வீட்டார் ஐயம் கொள்வதும் உண்டு. ஆயினும் குருதி, சிறுநீர்ச் சோதனைகளாலேயே நோய் உறுதி செய்யப்படுகிறது.

நோய் கண்டறியப்பட்ட நாய்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்புரை உண்டாகிறது. சிகிச்சை இல்லாவிடில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன்கள் பெருகி, உயிருக்கு ஆபத்தான கீட்டோ அமிலத்துவம் ஏற்படும். வாந்தி, சோர்வு, உணவு மறுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இன்சுலின் வரலாறும் நாய்களும்

நீரிழிவு பற்றிய அறிவு நாய்களிடமிருந்தே பெறப்பட்டது. 1889 ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசெப் வான் மேரிங் ஆகியோர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டானது. 1921 இல் டொரண்டோவில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைக் கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குச் செலுத்தினர். அவற்றுள் மார்ஜோரி என்ற நாய் ஏறத்தாழ 70 நாள்கள் உயிர் வாழ்ந்தது. 1922 சனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1923 இல் பான்டிங்குக்கும் ஜான் மக்லியோடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாயின் இன்சுலின், அமினோ அமில வரிசையில் பன்றியின் இன்சுலினை முற்றிலும் ஒத்தது. மனித இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தால் வேறுபடுகிறது. ஆகவே மனிதருக்கான இன்சுலின் நாய்களிலும் செயற்படுகிறது.

சிகிச்சை

நடுத்தர நேரம் செயற்படும் இன்சுலின், 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இருமுறை தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. தொடக்க அளவு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 0.25 அலகு ஆகும். பின்னர் குளுக்கோசு அளவைக் கண்டு கால்நடை மருத்துவர் மாற்றியமைப்பார். வீட்டார் தாமாக அளவைக் கூட்டுதல் கூடாது.

இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பிகளும், 100 அலகு கொண்டவையும் விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் தனி. 40 அலகுக் குழலில் 100 அலகு மருந்தை 10 என்ற கோடுவரை எடுத்தால், உடலில் 25 அலகு செல்லும். மாறாக, 100 அலகுக் குழலில் 40 அலகு மருந்தை அதே கோடுவரை எடுத்தால் 4 அலகே செல்லும். குப்பியையும் குழலையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

தாழ் குளுக்கோசு நிலை

குருதிக் குளுக்கோசு 60 மி.கி./டெ.லி. அளவுக்குக் கீழே இறங்கினால் தள்ளாட்டம், நடுக்கம், குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றும். இது மிகை குளுக்கோசைவிட விரைவாக உயிரைப் பறிக்கக்கூடியது. குளுக்கோசுக் கரைசலை அல்லது தேனை ஈறுகளில் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நினைவிழந்த நாயின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நாய் உணவு உண்ணாவிடில் முழு அளவு இன்சுலின் செலுத்தக்கூடாது. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

தூத்துக்குடிப் பகுதியில் பராமரிப்பு

தூத்துக்குடி மாநகரின் மில்லர்புரம் போன்ற குடியிருப்புகளில் நீரிழிவுள்ள நாயை வளர்ப்போர், வெப்பத்தையும் உணவுப் பழக்கத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்து பயனற்றது. கோடையில் 35 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் இவ்வூரில், மூடிய வாகனத்திலோ சன்னலோரத்திலோ மருந்தை வைத்தல் தவறு. மின்சாரம் இல்லாதபோது ஈரமான மண்பானை ஓரளவு குளிர்ச்சி தரும். ஆனால் கடற்கரையின் ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீர் மெதுவாக ஆவியாவதால் அதன் பயன் குறையும். 2023 திசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி, மின்வழங்கலும் போக்குவரத்தும் நாள்கணக்கில் தடைப்பட்டன. எனவே மழைக்காலத்திற்கு முன்பே ஒரு மாற்றுக் குப்பியும், ஊசிக்குழல்களும், குளிர்ப்பெட்டியும் ஆயத்தமாக இருப்பது நன்று.

உணவு, நாள்தோறும் ஒரே வகையாகவும் ஒரே அளவாகவும் அமைய வேண்டும். முள் நீக்கி அவித்த மீனைச் சேர்க்கலாம். கருவாட்டில் உப்பும், எண்ணெயில் பொரித்த சாளை மீனில் கொழுப்பும் மிகுதி. மிகுந்த கொழுப்பு கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். சர்க்கரையால் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூன் தவிர்க்கத்தக்கது. உடன்குடிக் கருப்பட்டியும் குருதிக் குளுக்கோசை உயர்த்தக்கூடியதே. சர்க்கரையற்றவை என விற்கப்படும் சில மிட்டாய்களில் உள்ள சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சாகும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் 2012 இல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கல்லூரியாகும்.

கண்காணிப்பு

காதுமடலின் உட்புறத்திலிருந்து எடுக்கும் ஒரு துளிக் குருதியைக் கொண்டு வீட்டிலேயே குளுக்கோசை அளக்கலாம். மனிதருக்கான கருவிகள் நாயின் குருதியில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம். நீர் குடிக்கும் அளவு, உடல் எடை, உணவு, ஊசி போட்ட நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது மருத்துவருக்கு உதவும். வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஊசி போடும்போது, இக்குறிப்பேடே ஒரே வேளையில் இருமுறை மருந்து செலுத்தப்படுவதைத் தடுக்கிறது.

பார்வை இழந்த நாய், மோப்பத்தாலும் பழக்கத்தாலும் வீட்டினுள் நடமாடக் கற்றுக்கொள்கிறது. பொருள்களை இடம் மாற்றாமல் வைத்திருப்பது அதற்குப் பேருதவியாகும். தகுந்த நாய்களுக்குக் கண்புரை அறுவை மருத்துவத்தால் பார்வையை மீட்கவும் இயலும்.